எடுத்த படங்களை என்ன செய்வது? தோட்டப்புறப் புகைப்பட ஆர்வலர்களுக்கான வேலைமுறை வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் கேமரா வைத்திருப்பவரைத் தேடி வரும் வேலைகளுக்குக் குறைவே இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பக்கத்து வீட்டுக் காதணி விழா, இன்னும் சில மாதங்களில் இடிக்கப்படவிருக்கும் லயத்து வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) என எதுவாக இருந்தாலும் அழைப்பு வந்துவிடும். படம் எடுப்பதில் காட்டுகிற ஆர்வத்தை, எடுத்த படங்களை ஒழுங்குபடுத்தித் திருத்தி உரியவர் கையில் சேர்ப்பதில் பலரால் காட்ட முடிவதில்லை. மெமரி கார்டு நிரம்பியபடியே கிடக்கும். திருத்தும் மென்பொருளைத் திறந்தால் அதிலுள்ள எண்ணற்ற பொத்தான்களைக் கண்டு மலைத்து மூடிவிடுவார்கள். மென்பொருளைக் கற்பதில் முக்கால் பங்கு, வேலையை வரிசைப்படுத்தக் கற்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிசை பிடிபட்ட பிறகு கற்க வேண்டிய கருவிகள் ஐந்தாறுக்கு மேல் இல்லை.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

படத் திருத்த மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பும், கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப்பும் ஒற்றைப் படத்தைத் திறந்து நுணுக்கமாக வேலை செய்வதற்கு உரியவை. கிழிந்துபோன பழைய குடும்பப் படத்தைச் சீர்செய்யவோ, திருவிழா அழைப்பிதழ் வடிவமைக்கவோ அவை ஏற்றவை. 2007இல் வந்த லைட்ரூம், 2009இல் தொடங்கிய டார்க்டேபிள் போன்றவை, நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாக உள்ளே கொண்டுவந்து, பிரித்து, தேர்ந்தெடுத்து, திருத்தி, வெளியே அனுப்பும் முழு வேலையையும் ஓரிடத்தில் முடிப்பதற்காக உருவானவை. விழாக்களையும் மனிதர்களையும் எடுக்கும் ஆர்வலருக்கு இந்த இரண்டாவது வகையே முதலில் தேவை.

லைட்ரூம் கற்க எளிது, கற்றுத்தரும் காணொளிகளும் ஏராளம். ஆனால் மாதச் சந்தா கட்ட வேண்டும், கட்டுவதை நிறுத்தினால் திருத்தும் வசதியும் நின்றுவிடும். டார்க்டேபிள் முற்றிலும் இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. ஒருமுறை பதிவிறக்கம் செய்துவிட்டால் இணையமே இல்லாமல் வேலை செய்யலாம் என்பது, இணைய வேகம் நம்பும்படியாக இல்லாத தோட்டப்புறங்களில் பெரிய அனுகூலம். முதல் சில வாரங்கள் அது சற்று முரண்டு பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 8 ஜிபி நினைவகமாவது உள்ள மடிக்கணினி இருந்தால் சமாளிக்கலாம். ரா தெரப்பி என்ற இலவச மென்பொருளும் திருத்தத்திற்கு நன்று. கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவர்கள் கூகுளின் ஸ்னாப்சீட் செயலியில் தொடங்கலாம். இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டுகளை டார்க்டேபிளை வைத்தே தருகிறேன். லைட்ரூமிலும் வரிசை இதேதான், பொத்தான்களின் பெயர்கள்தாம் மாறும்.

ரா கோப்பு ஏன் மங்கலாகத் தெரிகிறது

கேமராவில் படத்தின் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ரா, ஜேபெக் என்று இரண்டு வாய்ப்புகள் இருக்கும். ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகளே உண்டு. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிநிலைகள் உள்ளன. நிழலில் மூழ்கிய முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயலும்போது இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஜேபெக்கில் திட்டுத் திட்டாகச் சிதைகிற இடம் ராவில் தெளிவாக எழும்.

புதியவர்களை மனம் தளரச் செய்யும் இடமும் இதுவே. கேமராத் திரையில் பளிச்சென்று தெரிந்த படம், மென்பொருளில் திறந்தவுடன் சப்பென்று நிறம் வெளுத்துத் தெரியும். கேமரா தன் விருப்பப்படி நிறத்தையும் கூர்மையையும் ஏற்றிக் காட்டியது ஜேபெக் வடிவத்தை. நீங்கள் இப்போது பார்ப்பது அந்த வேலைகள் எதுவும் நடக்காத மூலப்பொருளை. மங்கில் (மரத்தில் கட்டிய கோப்பையில்) சேர்த்த ரப்பர் பாலுக்கும், புகைத்து உலர்த்திய ரப்பர் ஷீட்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆகவே தொடக்கத்தில் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகக் கேட்பவருக்கு ஜேபெக்கைக் கொடுத்துவிட்டு, ராவில் நிதானமாகப் பழகலாம்.

இன்னொன்றும் மனத்தில் பதிய வேண்டும். இந்த மென்பொருள்கள் மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கட்டளைக் குறிப்பாக மட்டுமே சேமிக்கப்படுகிறது. டார்க்டேபிள் அந்தக் குறிப்பை, படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்று முடியும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. எவ்வளவு தவறாகத் திருத்தினாலும் தொடக்க நிலைக்குத் திரும்பலாம் என்பதால் பயமின்றிப் பழகுங்கள். அந்தச் சிறு கோப்புகளை வேண்டாதவை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். உங்கள் உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கணினிக்குள் கொண்டுவருதல்

கணினியில் ஆண்டுக்கு ஓர் உறை, அதற்குள் நிகழ்வுக்கு ஓர் உறை என்று வைத்துக்கொள்வது போதுமானது. உறையின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் தொடங்கி, பிறகு நிகழ்வின் பெயரை எழுதினால், கணினி தானாகவே காலவரிசைப்படி அடுக்கிவிடும். 'புதுப்படங்கள்', 'புதுப்படங்கள் 2', 'கடைசி' என்று பெயரிடும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிட வேண்டும். படங்களை நகலெடுத்த பிறகு, இன்னொரு வன்தட்டிலும் ஒரு பிரதி சேர்ந்துவிட்டது என்று உறுதியாகும்வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

கேமராவின் கடிகாரத்தையும் பாருங்கள். ஒரே திருமணத்தை இரண்டு பேர் இரண்டு கேமராக்களில் எடுத்து, ஒன்றின் கடிகாரம் இருபது நிமிடம் பிந்தியிருந்தால், நேர வரிசையில் அடுக்கும்போது தாலி கட்டியதற்குப் பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்து நிற்கும். விழாவுக்கு முன் இருவரும் கைப்பேசி நேரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டால் அந்தத் தொல்லையே இல்லை.

தேர்ந்தெடுத்தல்

என்னைக் கேட்டால், ஆர்வலரையும் தேர்ந்தவரையும் பிரிக்கும் கட்டம் இதுதான். ஒரு தீமிதித் திருவிழாவில் 600 படம் எடுத்தவர் 600ஐயும் திருத்த உட்கார்ந்தால் அந்த வேலை முடியவே முடியாது. அறுபது படங்கள் போதும். அந்த அறுபதைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் பழக வேண்டும்.

டார்க்டேபிளில் லைட்டேபிள் என்ற பகுதியில் படங்கள் வரிசையாகத் தெரியும். முதல் சுற்றில் வேகமாகப் பார்த்துச் சென்று, குவியம் தவறியவை, கண் மூடியவை, முன்னால் யாரோ கடந்து மறைத்தவை ஆகியவற்றை மட்டும் ஆர் விசையை அழுத்தி விலக்குங்கள். இந்தச் சுற்றில் நல்ல படம் எது என்று யோசிக்கவே வேண்டாம், யோசித்தால் வேகம் கெடும். இரண்டாவது சுற்றில், எஞ்சியவற்றில் ஏதோ ஒன்று சொல்கிற படங்களுக்கு 1 என்ற விசையை அழுத்தி ஒரு நட்சத்திரம் கொடுங்கள். மறுநாள், ஒரு நட்சத்திரம் பெற்றவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டச் செய்து, ஒரே காட்சியின் ஏழெட்டுப் படங்களில் சிறந்த ஒன்றுக்கு இரண்டாவது நட்சத்திரத்தைக் கொடுங்கள். திருத்த வேண்டியவை அந்த இரண்டு நட்சத்திரப் படங்கள் மட்டுமே. இரண்டு படங்களுக்கு இடையே முடிவெடுக்க முடியாதபோது, முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்களின் கூர்மையைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் படம் அந்தத் தொகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது சற்றுக் கலங்கியிருந்தாலும் விலக்காதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு நாளை அதுவே வேண்டியிருக்கும். கலையழகை வைத்து மட்டும் தேர்வு செய்வது போட்டிக்குப் படம் அனுப்புபவருக்குச் சரி. தன் ஊரைப் பதிவு செய்பவருக்கு அது போதாது.

ஒரு படத்தைத் திருத்துவது எப்படி

காலை வேளையில், பால்மரத்து (ரப்பர் மரத்து) நிழலில் ஒரு அம்மா கோப்பையிலிருந்து பாலை வாளியில் ஊற்றும் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் வட்டாரத்தில் எடுக்கும் படங்களில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலேயே இருக்கின்றன. முகம் நிழலில் இருக்கிறது. இலைகளின் ஊடே வரும் ஒளியால் தோலில் பச்சை படிந்திருக்கிறது. பின்னால் வானம் வெளுத்துப்போயிருக்கிறது.

டார்க்ரூம் பகுதியில் படத்தைத் திறந்ததும் மேலே தெரியும் ஹிஸ்டோகிராம் என்ற ஒளி வரைபடத்தைப் பாருங்கள். இடக்கோடி இருள், வலக்கோடி வெண்மை. வலக்கோடியில் வரைபடம் சுவரில் மோதியதுபோல் நின்றால் அங்கே விவரம் தொலைந்துவிட்டது என்று பொருள். முதலில் எக்ஸ்போஷர் கருவியில் ஒட்டுமொத்த வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். அதன் அளவு இவி. ஒரு இவி ஏற்றினால் ஒளி இரு மடங்காகும். இந்தப் படத்துக்கு 0.7 அளவு ஏற்றினால் முகம் தெளியும். வானத்தைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். வெளிச்சத்தையும் இருளையும் திரைக்கு ஏற்றபடி அடக்கித் தரும் சிக்மாய்ட் என்ற கருவி வானத்தின் வெண்மையை ஓரளவு மென்மையாக்கும். அதில் மாறுபாட்டுக்கான முதல் அளவுகோலை மட்டும் தொட்டால் போதும்.

அடுத்தது வெண்சமநிலை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள்: நண்பகல் வெயில் சுமார் 5,500, நிழல் 7,000க்கு மேல், மெழுகுவத்திச் சுடர் 1,900 அளவு. இலையின் பச்சைப் படிவு இந்த மஞ்சள் நீல அளவுகோலில் அடங்காது என்பதால், கலர் கேலிபிரேஷன் கருவியிலுள்ள தெரிவுக் குழலால், படத்தில் நிறமற்று இருக்க வேண்டிய ஒரு பொருளைச் சுட்டிக்காட்டுவதே எளிய வழி. இந்தப் படத்தில் அது கையிலேயே இருக்கிறது: கோப்பையிலுள்ள பால். அதைச் சுற்றி ஒரு சிறு கட்டம் வரைந்தவுடன் பச்சை விலகிவிடும். ஆனால் ரப்பர் பால் முழு வெண்மையன்று, இளமஞ்சள் சாயல் கொண்டது. அதை வெள்ளை என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதால் படம் முழுவதும் சற்று நீலம் பாயும். ஆகவே அதன்பின் அளவுகோலைக் கொஞ்சம் வெதுவெதுப்பான பக்கம் நகர்த்தி, அம்மாவின் கைகளைப் பார்த்து நிறுத்துங்கள். பச்சையை முற்றிலும் துடைத்தெடுத்தாலும் படம் பொய்யாகிவிடும். தோட்டத்துக் காலையில் கொஞ்சம் பச்சை இருக்கத்தான் செய்யும்.

மூன்றாவதாக, சாய்வைச் சரிசெய்து வெட்டுங்கள். பால்மரங்கள் சற்றே சாய்ந்து வளர்பவை. மரத்தை நேராக்கப் போய் மனிதரைச் சாய்த்துவிடாமல், தரையையோ கட்டடத்தையோ அடிப்படையாகக் கொள்ளுங்கள். நான்காவதாக, முகத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமென்றால், எக்ஸ்போஷர் கருவியை இன்னொரு முறை சேர்த்து, முகத்தின் மேல் ஒரு நீள்வட்ட மறைப்பு வரைந்து, அதன் ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, 0.3 அல்லது 0.4 மட்டும் ஏற்றுங்கள். மறைப்பு வரைந்தது பார்ப்பவருக்குத் தெரிந்தால் அது மிகை.

தோல் நிறத்தைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிழலில் தெரியாத முகத்தைத் தெரியச் செய்வது திருத்தம். கறுத்த முகத்தை வெளுக்கச் செய்வது அந்த மனிதரை மாற்றுவது. கைப்பேசிகளின் அழகூட்டும் வடிகட்டிகள் இதைக் கேட்காமலேயே செய்கின்றன, திருமணப் படங்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. வெயிலில் உழைத்த முகத்துக்கு அதற்கே உரிய நிறமும் மினுமினுப்பும் உண்டு. கறுப்புத் தோலில் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் ஒளிக்கீற்றுகளைக் காப்பாற்றினால் படத்துக்கு உயிர் வரும். முகத்தைத் திருத்திய பிறகு கழுத்தையும் கைகளையும் பாருங்கள். மூன்றும் ஒரே மனிதருடையவையாகத் தெரிகின்றனவா என்பதுதான் சோதனை.

இரவுத் திருவிழாப் படங்களில் சிக்கல் வேறு. தீக்குழியின் செம்மஞ்சள், கூடாரத்தின் எல்இடி விளக்கு, வண்ணச் சரவிளக்கு ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் இருக்கும்போது எந்த ஒரு வெண்சமநிலையும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. முக்கியமானவர் மேல் விழும் ஒளிக்கு ஏற்பச் சமன்செய்து, மற்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். கனலை வெள்ளையாக்க முயலவே வேண்டாம். பக்தர்களின் மஞ்சள் ஆடையிலும் கவனம் தேவை: அதில் சிவப்பு அலைவரிசை எளிதில் உச்சத்தைத் தொட்டுவிடுவதால், மொத்த வெளிச்சம் சரியாக இருக்கும்போதே துணியின் மடிப்புகள் மறைந்து மஞ்சள் பூசியதுபோல் ஆகிவிடும். ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோடு மட்டும் வலச்சுவரில் மோதுவதைப் பார்த்தால், நிறச் செறிவையும் வெளிச்சத்தையும் சிறிது இறக்கினால் மடிப்புகள் திரும்ப வரும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400 போன்ற உயர்ந்த அளவில் எடுத்தவற்றுக்கு, புள்ளிப் பிசிறைக் குறைக்கும் டீநாய்ஸ் கருவியைப் போடுங்கள், ஆனால் முகம் மெழுகாகும் அளவுக்குப் போகாதீர்கள். கொஞ்சம் மணல் மணலாக இருப்பதில் குற்றமில்லை.

ஒரு படத்தைத் திருத்தி முடித்ததும், அதே ஒளியில் எடுத்த மற்றப் படங்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் சி அழுத்தி நகலெடுத்த திருத்தங்களைக் கன்ட்ரோல் வி அழுத்தி அவற்றின்மேல் ஒட்டலாம். முகத்துக்கு வரைந்த மறைப்பும் வெட்டிய அளவும் படத்துக்குப் படம் மாறும் என்பதால் அவற்றை மட்டும் ஒவ்வொன்றிலும் சரிபாருங்கள். வேலை மிச்சமாவது இந்த இடத்தில்தான்.

பெயரும் குறிப்பும்

படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த விழா என்பதை மென்பொருளின் குறிச்சொல் பகுதியிலும் விளக்கப் பகுதியிலும் அன்றே எழுதிவிடுங்கள். யூனிகோடு தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். 'தீமிதி', 'லயம்', 'மகாத்மா காந்தி கலாசாலை' என்று குறித்து வைத்தால், பல ஆண்டுகள் கழித்தும் ஒரு சொல்லைத் தேடி அத்தனை படங்களையும் ஒன்றாகக் கொண்டுவரலாம். ஒரே பொருளுக்கு ஒரே சொல்லையே எப்போதும் பயன்படுத்துங்கள். ஒரு நாள் 'தோட்டம்', மறுநாள் 'எஸ்டேட்' என்று எழுதினால் தேடல் பாதியைத்தான் காட்டும். மூடப்பட்ட தோட்டங்களின் பெயர்களையும், பழைய பிரிவு எண்களையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களைத் தவிர வேறு எங்கும் அவை கிடைக்காமல் போகலாம்.

வெளியே அனுப்புதல்

திருத்திய படத்தை ஏற்றுமதி செய்து ஜேபெக்காக மாற்றிய பிறகே பிறருக்குக் கொடுக்க முடியும். நிற வெளியை எஸ்ஆர்ஜிபி என்றும், தரத்தை 90 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துப் படக்கடையில் அச்சிட, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 4ஆர் அளவுக்கு 1,200க்கு 1,800 புள்ளிகளும், 8ஆர் அளவுக்கு 2,400க்கு 3,000 புள்ளிகளும் போதும். பெரும்பாலான கேமராப் படங்களின் நீள அகல விகிதம் மூன்றுக்கு இரண்டு என்பதால் 4ஆர் அப்படியே பொருந்தும். 8ஆர் ஐந்துக்கு நான்கு என்பதால் நீளவாக்கில் இரு ஓரங்களும் வெட்டுப்படும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா காணாமல் போவது இப்படித்தான். 8ஆர் கேட்டால் நீங்களே அந்த விகிதத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

திரையின் ஒளியை முழுவதும் ஏற்றி வைத்துத் திருத்தினால் அச்சில் படம் இருண்டு வரும். திரையொளியைப் பாதியளவுக்கு இறக்கி, பெரிய தொகையாக அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு 4ஆர் அச்செடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறைந்துவிடும்; கோப்பாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். முகநூலில் இடுவதற்கு நீளப் பக்கம் 2,048 புள்ளிகள் இருந்தால் போதும். குழந்தைகளின் படங்களைப் பொதுவில் இடுமுன் பெற்றோரைக் கேளுங்கள். கைப்பேசிப் படங்களில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை ஏற்றுமதியின்போது நீக்கிவிடுங்கள்.

பாதுகாத்தல்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. மடிக்கணினியில் ஒன்று, வெளிப்புற வன்தட்டில் ஒன்று, ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கும் உறவினர் வீட்டில் இன்னொரு வன்தட்டிலோ மேகச் சேமிப்பிலோ ஒன்று என்று வைத்தால் போதும். விரலியை (பென்டிரைவ்) நிரந்தரச் சேமிப்பாக நம்பாதீர்கள்; அது எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. நம் நாட்டில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், நகலெடுத்து முடிந்தவுடன் வன்தட்டைக் கழற்றி, ஈரம் படாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையுடன் வையுங்கள். ரா கோப்புகளை நகலெடுக்கும்போது அவற்றின் எக்ஸ்எம்பி கோப்புகளும் கூடவே போகின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வன்தட்டைச் செருகி, ஏதாவது ஒரு பழைய உறையிலிருந்து நான்கைந்து படங்களைத் திறந்து, திருத்தங்களோடு சரியாகத் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். ஒன்று திறக்காவிட்டாலும் அன்றைக்கே புதிய வன்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.